மங்கு என்ன நிறம்?

மலேசியத் தமிழ்க் கதைகளில் தோட்டம் என்றால் ஒரு சூத்திரம் இருக்கிறது. அதிகாலை இருட்டு, பெரட்டுக் களத்தில் மண்டோரின் அதட்டல், இருமும் கிழவன், கள்ளுக்கடை, அடிவாங்கும் மனைவி, தொரையின் பூட்ஸ் சத்தம், கடைசியில் ஒரு சாவு. இதில் எதுவும் பொய்யில்லை. எல்லாம் நடந்ததுதான். என் குற்றச்சாட்டு வேறு. இத்தனை கதைகளையும் பக்கத்தில் அடுக்கி வைத்துக்கொண்டு ஒரே ஒரு பால்வெட்டுத் தொழிலாளியின் உருவத்தைச் செய்ய உட்கார்ந்தால், உங்களால் செய்ய முடியாது. நான் உட்கார்ந்து பார்த்தவன். அதனால் சொல்கிறேன்.

ஏழு வருடமாக ஒரு வேலையில் இருந்தேன். 2017-இல் தொடங்கியது, இப்போதுதான் முடிந்தது. 1942 ஜனவரி 14-ஆம் தேதி நெகிரி செம்பிலானில், கெமாஸுக்குப் பக்கத்தில் கெமெஞ்சே பாலத்தில் நடந்த சண்டையை ஒரு மேசை அளவுக்குச் சுருக்கி, 214 சின்ன உருவங்களாக வண்ணம் தீட்டி முடித்தேன். மினியேச்சர் வார்கேம் என்பார்கள். ஆறடிக்கு நாலடி மேசையில் சாலை, ஆறு, மரம், வீடு எல்லாம் அமைத்து, இரண்டு பேர் தாயக்கட்டையும் அளவு நாடாவுமாக ஒரு பழைய சண்டையைத் திரும்ப நடத்திப் பார்க்கும் விளையாட்டு. என் உருவங்கள் 1/72 அளவு. ஓர் ஆள் இரண்டரை சென்டிமீட்டர்கூட இருக்க மாட்டான். சட்டைப் பொத்தானுக்கு ஒரு புள்ளி, கண்ணுக்குப் புள்ளிகூட வேண்டாம், ஒரு நிழல் போதும்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஜப்பானியர் 104, ஆஸ்திரேலியர் 71, தோட்டத்து மக்கள் 39. முதல் 175 பேருக்கு நாலரை வருடம் ஆனது. கடைசி 39 பேருக்கு மட்டும் இரண்டரை வருடம். இந்தக் கட்டுரை அந்த இரண்டரை வருடத்தைப் பற்றியது.

சண்டையின் கதை சுருக்கமாக இதுதான். ஆஸ்திரேலியாவின் 2/30 பட்டாலியன் கர்னல் காலகன் தலைமையில் கெமாஸில் நின்றது. அதன் பி கம்பெனி, கேப்டன் டஃபியின் கீழ், பாலத்தருகே காட்டுக்குள் பதுங்கியிருந்தது. மாலை நாலு மணி வாக்கில் ஜப்பானியச் சைக்கிள் படை பேச்சும் சிரிப்புமாக வந்தது. சில நூறு பேரைப் பாலம் தாண்ட விட்டு, பிறகு பாலத்தை வெடி வைத்துத் தகர்த்துச் சுட ஆரம்பித்தார்கள். பீரங்கிப் படைக்குச் சொல்ல வேண்டிய டெலிபோன் கம்பி அறுபட்டுக் கிடந்ததால் பீரங்கி பேசவில்லை. உடைந்த பாலத்தை ஜப்பானியர் சில மணி நேரத்திலேயே சரிக்கட்டிவிட்டார்கள். ஒரு மாதம் கழித்து, பிப்ரவரி 15-இல், சிங்கப்பூர் விழுந்தது. இன்றைக்கும் தம்பின் - கெமாஸ் சாலையில் போனால் அந்த இடத்தில் ஒரு நினைவுச் சின்னம் நிற்கிறது.

இந்தச் சண்டையை வண்ணம் தீட்ட எனக்கு என்னவெல்லாம் கிடைத்தது தெரியுமா? ஆஸ்திரேலிய எட்டாம் டிவிஷன்காரன் தோளில் தைத்த துணிச் சின்னம் நீள்வட்டம் என்று தெரியும். அவன் அரைக்கால் சட்டை எத்தனை முறை துவைத்தால் எப்படி வெளுக்கும் என்று வாதாடிக்கொள்ளும் ஆட்கள் இருக்கிறார்கள். ஜப்பானியனின் சைக்கிளில் பின்பாரம் எப்படிக் கட்டியிருந்தது, டயர் போனால் வெறும் ரிம்மிலேயே மிதித்தான், இரவில் அந்தச் சத்தத்தை டாங்கி என்று எண்ணி எதிரில் இருந்தவன் மிரண்டான் என்பது வரைக்கும் எழுதி வைத்திருக்கிறார்கள். ஜெயித்தவனும் எழுதினான், தோற்றவனும் எழுதினான். படையெடுப்பைத் திட்டமிட்ட சூஜி மசனோபு தன் நூலில் இன்னொன்றும் சொல்கிறார்: மலாயாவில் ஏற்கெனவே ஜப்பானியச் சைக்கிள்கள் நிறைய விற்றிருந்ததால் உதிரி பாகத்துக்குப் பஞ்சமே இல்லையாம். ஒரு போரின் சைக்கிள் செயினுக்குக்கூட வரலாறு இருக்கிறது.

பாலத்தைச் சுற்றிக் காடு. கெமாஸ் பக்கம் வர வர ரப்பர். ரப்பர் என்றால் லயம், லயம் என்றால் நம் ஆட்கள். என்னிடம் இருந்த விளையாட்டு விதிப் புத்தகத்தில் ரப்பர் தோட்டத்துக்கு ஒரு வரி உண்டு: பார்வையை மறைக்கும், நடையைக் குறைக்கும். அவ்வளவுதான். நூறு வருடம் நாம் வாழ்ந்த இடம் அந்தப் புத்தகத்தில் ஒரு மறைப்பு. நான் வாங்கிய பெட்டி எதிலும் பால் வெட்டுகிறவர் இல்லை. வண்ண டப்பாவில் ‘சதை நிறம்’ என்று பெயர் போட்டது வெள்ளைக்காரன் கன்னத்து நிறம். நம் தோலுக்கு நான் கையில் எடுத்த டப்பாவின் பெயர் ‘லெதர்’. செருப்புக்கும் பெல்ட்டுக்கும் அடிக்கிற வண்ணம். அதில் கொஞ்சம் மரத்தின் பழுப்பைக் கலந்துதான் என் பாட்டியின் கையைக் கொண்டுவர வேண்டியிருந்தது.

இதைச் சொன்னவுடன் நம்மவர்கள் கைதட்டுவார்கள். “பாத்தீங்களா, வெள்ளைக்காரன் நம்மள மறைச்சிட்டான்!” இரண்டு கூட்டங்களில் சொன்னேன், இரண்டிலும் தட்டினார்கள். கொஞ்சம் பொறுங்கள் ஐயா. வெள்ளைக்காரன் அவன் பேரனுக்கு அவன் தாத்தாவைச் செய்து கொடுத்தான். அவன் வேலை அதோடு முடிந்தது. நம் தாத்தாவை நாம் செய்து வைத்திருக்கிறோமா?

நானே செய்வது என்று முடிவெடுத்தேன். கடையில் கிடைக்கும் சாதாரண ஆள் உருவங்களை வெட்டி, இரண்டு பாகம் கலந்து பிசையும் பசை மண்ணால் சேலையும் தலைத்துணியும் சேர்க்க வேண்டும். காண்டாக் கம்புக்குச் செம்புக் கம்பி, வாளிக்குக் காது குடையும் பஞ்சுக் குச்சியின் குழாய். கையால் செய்ய முடியும். எதைச் செய்வது என்பதுதான் கேள்வி. 1942-இல் கெமெஞ்சே பக்கத்துத் தோட்டத்தில் பால் வெட்டிய ஒரு பெண் சேலையை எப்படிச் செருகியிருந்தாள்? கால் சட்டை உள்ளே போட்டாளா? தலைத்துணி முடிச்சு முன்னாலா பின்னாலா? மங்கு மண்ணா, பீங்கானா, கண்ணாடியா? வாளி தகரமா? குழந்தை ஆயாக் கொட்டகைக்குப் போனதா, நிரையில் மரத்தடியில் கிடந்ததா? பிள்ளைக்கு இடுப்பில் என்ன இருந்தது?

கையில் கிடைத்த நாவல்களையும் சிறுகதைத் தொகுப்புகளையும் எடுத்து வைத்துக்கொண்டு பென்சிலால் கோடு போட்டுப் படித்தேன். கண்ணீர் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன். மங்கு என்ன நிறம் என்று சொல்லும் பக்கம் எனக்கு அகப்படவில்லை. சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ மாதிரி உழைத்து எழுதப்பட்டவை உண்டு, அவற்றை நான் தலைக்கு மேல் வைப்பேன். ஆனால் பொதுவான பழக்கம் என்ன? ஒரு சோதனை சொல்கிறேன், வீட்டில் செய்து பாருங்கள். ஒரு தோட்டக் கதையை எடுத்து ‘ரப்பர்’ என்று வரும் இடத்தில் எல்லாம் ‘தேயிலை’ என்று மாற்றுங்கள். கதை ஹட்டனுக்குப் போய்விடும். ‘கரும்பு’ என்று மாற்றினால் பிஜிக்குப் போய்விடும். ஒரு வார்த்தையை மாற்றினால் ஆயிரக்கணக்கான மைல் நகர்ந்துவிடும் துக்கம் யாருடைய துக்கம்? ரேகம்மாள் என்றோ ராக்காயி என்றோ பெயர் வைத்தால் மட்டும் அது ஒரு மனுஷியின் வாழ்க்கை ஆகிவிடுமா?

ரப்பரில் ரப்பருக்கே உரிய விஷயங்கள் உண்டு. வெட்டு இடது மேலிருந்து வலது கீழே சாய்ந்து இறங்கும். பட்டைக்குள் பால் ஓடும் குழாய்கள் எதிர்ப்பக்கமாகச் சாய்ந்து சுற்றுவதால், அப்படி வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும். ஆழம் கூடினால் மரத்துக்குக் காயம், மண்டோரிடம் ஏச்சு, கூலியில் பிடித்தம். குறைந்தால் பால் வராது. அந்த ஒரு மில்லிமீட்டர் கணக்கை மனதுக்குள் வைத்துக்கொண்டு ஒரு நாளைக்குச் சில நூறு மரம் சுற்றியவளைத்தான் நாம் ‘பேதைப் பெண்’ என்று எழுதி வைத்திருக்கிறோம். அவள் கைத்திறமைக்காரி. அவளுடைய திறமை இடம்பெற்றால்தான் அவளுடைய சுரண்டலும் கண்ணுக்குத் தெரியும். திறமை இல்லாதவளிடமிருந்து எதைச் சுரண்டினார்கள்?

என் மேசையில் 160 ரப்பர் மரங்கள். ஒவ்வொன்றிலும் அந்தச் சாய்ந்த கோட்டை வெள்ளைப் பால் நிறத்தில் இழுத்திருக்கிறேன். இன்றைய கெமெஞ்சேயைப் பார்த்து மேசை போட்டிருந்தால் பாதிக்கு மேல் செம்பனை வைத்திருப்பேன்.

சைக்கிளுக்கு வருகிறேன். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. ஆர். எச். நாதன் அதன் தலைவர்களில் ஒருவர். பிரிட்டிஷ் அரசு அவரைப் பிடித்து நாடு கடத்தியது. பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளிகள் செத்தார்கள். அந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைப் பட்டியலில் கூலி உயர்வு இருந்தது, கள்ளுக்கடையை மூடு என்பது இருந்தது. கூடவே ஒன்று: தொரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும். யோசித்துப் பாருங்கள். தமிழன் சைக்கிளில் உட்கார்ந்தபடி தொரையைத் தாண்டிப் போக அனுமதி கேட்டுச் சுடப்பட்ட அதே வருடக் கடைசியில், ஜப்பானியன் சைக்கிளிலேயே வந்து தொரையை ஓட்டினான். இந்தக் காட்சியை மையமாக வைத்து எத்தனை கதைகள் நம்மிடம் இருந்திருக்க வேண்டும்! கள்ளுக்கடையை வைத்து எழுதிய அளவுக்கு வேண்டாம், பத்தில் ஒரு பங்கு? கள்ளுக்கடையை மூடு என்று நம்மாட்களே போராடினார்கள் என்பதையாவது அந்தக் கள்ளுக்கடைக் கதைகள் சொல்லியிருக்கின்றனவா?

புத்தகம் கைவிட்டதும் ஆட்களைத் தேடிப் போனேன். தம்பினில் மகன் வீட்டில் இருக்கும் ஓர் ஆயா. ஜப்பான்காரன் வந்தபோது ஒன்பது வயது. நண்பர் ஒருவர் கூட்டிப் போய், “ஆயா, தம்பி அந்தக் காலத்தப் பத்திக் கேக்க வந்திருக்கு” என்று உட்கார வைத்தார். ஆயா உடனே முந்தானையை எடுத்துத் தயாரானார். வருகிறவர்கள் எதற்கு வருவார்கள் என்று அவருக்குத் தெரியும். நான் கேட்டேன், “ஆயா, அப்ப மங்கு என்ன நிறம்?”

முந்தானை கீழே போனது. “என்னாடா கேள்வி இது!” என்று சிரித்தார். “எல்லாரும் வந்து எவ்ளோ கஷ்டப்பட்டீங்கன்னுதான் கேப்பாங்க. மங்க எவன்டா கேட்டான்!” பிறகு நிறுத்தாமல் இரண்டு மணி நேரம் பேசினார். அவர்கள் நிரையில் மண் மங்கு, வெளியே செங்கல் நிறம், உள்ளே பூசி வழவழப்பாக இருக்கும், அப்போதுதான் பால் ஒட்டாது. அம்மாவின் தலைத்துணி தொரை வீட்டு ஜன்னல் திரை கிழிந்தது, நீலத்தில் வெள்ளைக் கட்டம். தொரை காரில் ஏறிப் போனார், நாயை விட்டுவிட்டுப் போனார். “அந்த நாய்க்கு நாங்கதான் சோறு போட்டோம். எங்களுக்கே அரிசி இல்ல. அது இங்கிலீசுலதான் கேக்கும், ‘கம், கம்’னாதான் வரும்.” அப்பாவிடம் ஒரு சைக்கிள் இருந்தது. பச்சை. ஒட்டுப்பால் மூட்டை கட்ட அகலமான கேரியர். ஜப்பான்காரன் அதை வாங்கிக்கொண்டு ஒரு வணக்கம் போட்டானாம். “அப்பாகூடத் திருப்பி வணக்கம் போட்டாரு.” சைக்கிளைப் பற்றி இவ்வளவும் சொல்லி முடித்த பிறகுதான், அடுத்த வருடம் அப்பாவையும் சயாமுக்குக் கொண்டுபோனார்கள், வரவில்லை என்றார். அழவில்லை. அந்தக் கேரியரின் அகலத்தைக் கையால் காட்டியபடியே சொன்னார்.

எனக்கு அந்த நீலக் கட்டம் போட்ட தலைத்துணியைத் தீட்ட மூன்று இரவு ஆனது. நகக்கண்ணில் பாதி அளவு. முதல் இரண்டு முறை கட்டம் கலங்கிப் போய் அழித்துவிட்டுத் திரும்பத் தீட்டினேன். இன்றைக்கு என் மேசையில் ஜப்பானியர்களின் சைக்கிள் வரிசையில் ஒன்று மட்டும் பச்சை. அதன் கேரியர் மட்டும் அகலம். கேட்காமல் போயிருந்தால் அதுவும் மற்றதைப் போலக் கறுப்பாகியிருக்கும்.

சயாம் ரயிலைப் பற்றி நாம் பேசும் விதத்தையும் இதோடு சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். 415 கிலோமீட்டர் பாதை, 1942-43. போர்க் கைதிகள் அறுபதாயிரத்துக்கு மேல் வேலை செய்தார்கள், பன்னிரண்டாயிரத்துக்கு மேல் செத்தார்கள். ஆசியத் தொழிலாளர்களில் செத்தவர்கள் அதைப் போலப் பல மடங்கு, தொண்ணூறாயிரம் என்று மதிப்பிடுகிறார்கள். காஞ்சனபுரியில் கைதிகளின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது, ஏறக்குறைய ஏழாயிரம் கல்லறைகள், புல் வெட்டிச் சீராக வைத்திருக்கிறார்கள். நம் ஆட்களுக்கு அப்படி ஒரு வரிசை கிடையாது. இந்த அநியாயம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் கைதிகளின் கதை உலகத்துக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று பாருங்கள். ரொனால்ட் சர்ல், ஜாக் சாக்கர் இருவரும் கைதிகளாக இருந்தபடியே ரகசியமாக வரைந்தார்கள். பிடிபட்டால் அடி, ஒருவேளை சாவு. சர்ல் தன் படங்களைக் காலரா நோயாளிகளின் படுக்கைக்கு அடியில் ஒளித்தார். காவலன் அங்கே கை வைக்க மாட்டான் அல்லவா. சாக்கர் வரைந்ததில் புண், கட்டு, மூங்கிலால் செய்த மருத்துவக் கருவி எல்லாம் அளவோடு இருக்கின்றன. “நாங்கள் துன்பப்பட்டோம்” என்று எழுதி வைக்கவில்லை. எப்படி என்று வரைந்து வைத்தார்கள்.

நம் தொழிலாளியிடம் தாளும் பென்சிலும் இல்லை, சரி. ஆனால் பிழைத்துத் திரும்பியவர்கள் நம் லயத்திலேயே முப்பது, நாற்பது வருடம் வாழ்ந்தார்கள். திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். எழுதத் தெரிந்த கிராணிகளும் வாத்தியார்களும் பத்திரிகைக்காரர்களும் சங்கத் தலைவர்களும் அவர்களைத் தாண்டித்தான் தினமும் போனார்கள். மேடையில் அவர்களுக்காக அழுதவர்களில் எத்தனை பேர் பக்கத்தில் உட்கார்ந்து, “மாமா, அங்க தூங்குன எடம் எப்படி இருந்துச்சு, மூங்கிலா பலகையா?” என்று கேட்டார்கள்? அழுவதற்கு அரை மணி நேரம் போதும். கேட்பதற்கு ஒரு நாள் வேண்டும்.

எதிர்வாதங்கள் எனக்கு மனப்பாடம். முதலாவது, ஓர் இலக்கியச் சந்திப்பில் மூத்தவர் ஒருவர் கேட்டது: “தம்பி, இது வெள்ளைக்காரன் பொம்மை விளையாட்டுதானே? நமக்கு எதுக்கு?” ஐயா, எச். ஜி. வெல்ஸ் 1913-இல் ‘லிட்டில் வார்ஸ்’ என்று இதற்குப் புத்தகமே போட்டார் என்பது உண்மை. ஆனால் ரந்தாவ் பக்கமோ பகாவ் பக்கமோ ஏதாவதொரு தோட்டத்து முனியாண்டி கோயிலுக்குத் திருவிழாவுக்குப் பத்து நாள் முன்னால் போய்ப் பாருங்கள். சாமிக்கு எனாமல் அடித்துக்கொண்டிருக்கும் அண்ணனிடம் மீசையைக் கொஞ்சம் குறைத்து அடிக்கச் சொல்லிப் பாருங்கள். உங்களைத்தான் அடிப்பார். அரிவாள் எந்தக் கை, சுருட்டு எந்தப் பக்கம், குதிரைக் கடிவாளம் என்ன நிறம், எல்லாம் அவருக்கு அத்துப்படி. சாமி விஷயத்தில் இந்தக் கறார் இருக்கும் சமூகத்துக்கு, சாமி கும்பிட்ட ஆயா விஷயத்தில் ஏன் இல்லை?

இரண்டாவது: “இலக்கியத்தின் வேலை தகவல் சொல்வது இல்லை, அது மியூசியத்தின் வேலை.” தகவல் வேண்டாம் என்கிறவர்கள் வேறு எதைத் தருகிறார்கள் என்று பார்த்துவிட்டேன். கண்ணுக்குத் தெரியாத ஒரு ஆளுக்காக நான் எப்படி அழுவது? நீலக் கட்டம் போட்ட தலைத்துணி எனக்கு ஒரு பெண்ணைக் கொடுத்தது. ‘தியாகம்’ என்ற சொல் யாரையும் கொடுக்கவில்லை.

மூன்றாவது, இதை மட்டும் நான் மதிக்கிறேன்: “மனுஷங்க செத்த எடத்த வெளையாட்டாக்கலாமா?” என் மேசையில் ஒரு விதி வைத்திருக்கிறேன். 39 பேரையும் இரண்டு தரப்பும் நகர்த்த முடியாது. அவர்கள் லயத்திலும் நிரையிலும் இருப்பார்கள். யாருடைய குண்டு அவர்களில் ஒருவர் மேல் விழுந்தாலும், அவர் யார் என்று என் நோட்டில் உள்ள குறிப்பை வாய்விட்டு வாசித்துவிட்டுத்தான் ஆட்டம் தொடரும். வாளியோடு நிற்பவர் யார், நாய்க்குச் சோறு வைக்கும் சிறுமி யார் என்று. விளையாட வந்த நண்பர்கள் இரண்டாவது சுற்றிலேயே சுடும் திசையை மாற்றினார்கள். வீரம் பேசிக்கொண்டு வந்த ஒருவர் ஆட்டம் முடிந்ததும் தன் பாட்டிக்குப் போன் போட்டார்.

ஆகவே இளம் நண்பர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த தோட்டக் கதையை எழுதுமுன் கொஞ்சம் நிறுத்துங்கள். 1942-இல் பத்து வயதில் இருந்தவர்களுக்கு இன்று தொண்ணூறு தாண்டிவிட்டது. சுவா பெத்தோங்கிலோ லின்சமிலோ ரீஜண்டிலோ பிறந்து, இப்போது சிரம்பான் அடுக்குமாடியின் எட்டாவது மாடியில் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும் யாரோ ஒருவர் உங்கள் குடும்பத்திலோ பக்கத்து வீட்டிலோ இருப்பார். கஷ்டத்தைக் கேட்காதீர்கள், அது தானாக வரும். லயத்து வாசல் எந்தப் பக்கம் பார்த்தது என்று கேளுங்கள். முதல் கூலியில் என்ன வாங்கினார், கடைக்காரர் பெயர் என்ன, விளக்கு எது, எண்ணெய் என்ன வாசம் என்று கேளுங்கள். எழுதிக்கொள்ளுங்கள், தேதியும் இடமும் போட்டு. கதை வந்தால் வரட்டும். வராவிட்டாலும் அந்த நோட்டு இருக்கும்.

என் நோட்டில் இன்னும் மூன்று கேள்விகளுக்குப் பதில் வேண்டும். அடுத்த சனிக்கிழமை தம்பினுக்குப் போகிறேன். நாயின் பெயரைக் கேட்க வேண்டும்.